நார்மல் லாஸும் ஒரு கூட்டம் ஜே பறவைகளும்

எனக்குப் பறவைகளைப் பத்திப் பெருசா ஒண்ணும் தெரியாதுங்க. காக்கா, மைனா, புறா, கிளி, எப்பவாவது கரண்ட் கம்பியில உக்காந்திருக்கற பனங்காடை... அவ்வளவுதான் நம்ம சிலபஸ். பி.காம். படிக்கறவனுக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம். ஆனா இந்த விஷயத்துல ஒரு தடவை கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் மாட்டிக்கிட்டு முழிச்சவன் நான். அந்தப் பழைய பாக்கியைத் தீர்க்கத்தான் இது.

செகண்ட் இயர்ல எங்களுக்கு இவிஎஸ் பேப்பர் இருந்துச்சு. ஆளுக்கு ஒரு தலைப்பு, பத்து நிமிஷ செமினார். எனக்கு வந்தது பருவநிலை மாற்றம். சரியா அந்த நேரம் பாத்து, 2024 ஜனவரியில, இங்கிலாந்துல எம்.எஸ்சி. படிச்சிட்டிருந்த எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு சூப்பர் மார்க்கெட்டோட கார் பார்க்கிங். அதுல ஒரு சின்ன மரம், மரம் நிறைய பழம். அதைச் சுத்தி இருபது முப்பது பேர் பெரிய பெரிய கேமராவோட நிக்கறாங்க. மரத்துல கொண்டை வெச்ச பறவைங்க. வேக்ஸ்விங்னு பேராம். றெக்கை நுனியில அரக்கு முத்திரை குத்தின மாதிரி சிவப்புப் பொட்டு, அதனால அந்தப் பேரு. வட ஐரோப்பாவுல, ரஷ்யக் காடுகள்ல இருக்க வேண்டியது. "எல்லா வருஷமும் இப்படி வராதாம்டா, இந்தத் தடவை கூட்டம் கூட்டமா வந்திருக்கு"ன்னு எழுதியிருந்தார்.

எனக்கு அது போதாதா! அந்தப் போட்டோவை முதல் ஸ்லைடாப் போட்டு, மேல சிவப்பு எழுத்துல "பறவைகள் பாதை மாறுகின்றன, பூமி எச்சரிக்கிறது"ன்னு ஒரு தலைப்பு. பசங்க கை கூட தட்டினாங்க.

எங்களுக்கு இவிஎஸ் எடுத்ததும் காஸ்டிங் எடுக்கற அதே மேடம்தான். அவங்க கடைசி வரைக்கும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தம்பி, இது நார்மல் லாஸா, அப்நார்மல் லாஸா?" கிளாஸே சிரிச்சுது. அவங்க சிரிக்கல. "இதுக்கு முன்னாடி இந்தப் பறவைங்க எப்ப எப்ப இப்படி வந்திருக்கு, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு பாத்தியா?"

பாக்கல. போய் உக்காந்துட்டேன்.

காமர்ஸ் படிக்காதவங்களுக்காக ரெண்டு வரி. ஒரு தொழிற்சாலையில நூறு லிட்டர் காய்ச்சினா அஞ்சு லிட்டர் ஆவியாப் போயிடும்னு முன்னாடியே தெரியும்னு வெச்சுக்குங்க. அது நார்மல் லாஸ். தொழிலோட கூடவே பொறந்தது. அந்தச் செலவை மீதி இருக்கற சரக்கு மேலேயே ஏத்திடுவோம், யாரும் பதறமாட்டாங்க. அஞ்சுக்குப் பதிலா பன்னண்டு லிட்டர் போச்சுன்னா, கூடப் போன அந்த ஏழுதான் அப்நார்மல் லாஸ். அதைத் தனியா எடுத்து காட்டணும், யாராவது அதுக்குப் பதில் சொல்லணும். எது எதுன்னு பிரிக்கணும்னா முதல்ல "வழக்கமா எவ்வளவு போகும்"னு தெரியணும். ஒரே ஒரு மாசக் கணக்கை வெச்சுக்கிட்டு சொல்ல முடியாது. நான் ஒரே ஒரு போட்டோவை வெச்சுக்கிட்டு சொன்னேன்.

அதுக்கப்புறம் தேடித் தேடிப் படிச்சதுல எனக்கு வேக்ஸ்விங்கை விட ரொம்பப் பிடிச்சுப் போனது ஜேங்கற பறவை. காரணம் சொல்றேன். வேக்ஸ்விங் எப்படியும் ஊர் சுத்தற ஜாதி. ஜே அப்படி இல்லை. பொறந்த காட்டை விட்டு நகராத ஆளு. அது கிளம்புதுன்னா விஷயம் இருக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். வெள்ளைக்காரங்க இந்தியாவுல இருந்தப்ப நம்ம பனங்காடையை "புளூ ஜே"ன்னு கூப்பிட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவுல நிஜமாவே புளூ ஜேன்னு ஒண்ணு இருக்கு, அது வேற இனம். நான் சொல்றது ஐரோப்பாவோட ஜே. காக்கா குடும்பம், அதாவது நம்ம வால்காக்கைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு உடம்பு, றெக்கையில நீலமும் கறுப்புமா பட்டை பட்டையா ஒரு சின்னக் கட்டம், பறக்கும்போது பின்னாடி பளிச்சுனு வெள்ளை. குரல் மட்டும் துணியைக் கிழிக்கற மாதிரி இருக்கும். இதோட லத்தீன் பேர்ல ரெண்டாவது சொல் "கிளாண்டேரியஸ்". ஓக் கொட்டைக்காரன்னு அர்த்தம்.

பேரு சும்மா வைக்கல. செப்டம்பர், அக்டோபர்ல ஓக் கொட்டை பழுத்ததும் ஜேவுக்கு வேற நினைப்பே கிடையாது. தொண்டையில சிலதை அடக்கிக்கும், கடைசியா ஒண்ணை அலகுல கவ்விக்கும், பறந்து போய் ஒவ்வொண்ணையும் தனித்தனியா மண்ணுல சொருகி மேல இலை தழையை இழுத்து மூடும். திரும்பி வரும், மறுபடி எடுக்கும். ஒரே சீசன்ல ஒரு பறவை ஆயிரக்கணக்குல புதைக்குதுன்னு கணக்கிட்டிருக்காங்க. குளிர்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு. எங்க வெச்சோம்னு பெரும்பாலும் ஞாபகமும் இருக்கு. பரீட்சைக்கு முதல் நாள் படிச்சதே எனக்கு மறுநாள் ஞாபகம் இருக்கறதில்லை, அதை விடுங்க.

இதுல ஒரு சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. சாப்பிட்டது போக மிஞ்சின கொட்டை வசந்த காலத்துல முளைக்கும். ஜே அந்த முளையைத் தேடி வந்து, மேல லேசா இழுத்துப் பாத்து, கீழ இன்னும் ஒட்டிட்டிருக்கற பருத்த விதைப் பருப்பை மட்டும் பிச்சுக்கிட்டுப் போய்க் குஞ்சுக்குக் குடுக்குது. அதுக்குள்ள செடி வேர் விட்டிருக்கும், அதனால பெரும்பாலும் சாகறதில்லை. வட்டியை எடுத்துக்கிட்டு முதலை அப்படியே விட்டுட்டுப் போற ஆளு!

ஓக் கொட்டை கனமானது. காத்துல பறக்காது, மரத்தடியிலதான் விழும். அப்புறம் எப்படிப் பனியுகம் முடிஞ்சதும் தெற்கே இருந்து பிரிட்டன் வரைக்கும் இந்த மரம் அவ்வளவு வேகமா வந்து சேர்ந்துச்சுன்னு கிளமெண்ட் ரீட்னு ஒரு புவியியலாளர் 1899-லயே கேட்டார். பறவைங்க தூக்கிட்டு வந்திருக்கணும்னு அவரே பதிலும் சொன்னார். அந்த வேலையை இப்பவும் கண்ணால பாக்கலாம். கேம்பிரிட்ஜ்ஷயர்ல மாங்க்ஸ் வுட்டுங்கற பழைய காட்டை ஒட்டி ஒரு பார்லி வயலை 1961-லயும், பக்கத்துல ஒரு புல்வெளியை 1996-லயும் அப்படியே சும்மா விட்டுட்டாங்க. ஒரு செடி கூட யாரும் நடல. 2021-ல வந்த ஆய்வுக் கட்டுரைப்படி ரெண்டுமே காடாகிடுச்சு. அங்க இருக்கற மரங்கள்ல பாதிக்கு மேல ஓக். ஜேக்களும் அணில் மாதிரி பிராணிகளும் புதைச்சுட்டு எடுக்காம விட்டதுதான் அவ்வளவும்.

ஆக, இப்படிக் குடும்பம் குட்டியோட ஒரே இடத்துல டெபாசிட் போட்டு வாழற பறவை இது. அதுதான் 1983 இலையுதிர் காலத்துல மூட்டை கட்டிடுச்சு.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியிலேர்ந்து அக்டோபர் முழுக்க, இங்கிலாந்தோட தெற்கு, தென்மேற்குப் பக்கமெல்லாம் ஜேக்கள் கூட்டமா வானத்துல போறதை ஜனங்க பாத்தாங்க. ஜே கூட்டமாப் போறதுங்கறதே அவங்களுக்குப் புதுசு. சாதாரணமா ஒண்ணு ரெண்டா, மரத்துக்கு மரம் பதுங்கிப் பதுங்கிப் போகும். அகலமான றெக்கையை அடிச்சு அடிச்சு, விழுந்துடுமோங்கற மாதிரி பறக்கற பறவை அது. கடலைக் கண்டா தயங்கும். கரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறது, மறுபடி வந்து பாக்கறதுன்னு தவிக்கும். அப்படிப்பட்டது கும்பலாக் கிளம்பினா ஊர் பேசாம இருக்குமா? 1985-ல "பிரிட்டிஷ் பேர்ட்ஸ்" இதழ்ல இதுக்குன்னே ஒரு தனிக் கட்டுரை வந்துச்சு. காரணம் ஒரே வரிதான்: அந்த வருஷம் ஓக் கொட்டை காய்க்கல. பிரிட்டன்ல மட்டுமில்ல, ஐரோப்பாவோட வேற சில பகுதிகள்லயும். 2012-லயும் இதே கதை. குளிரும் மழையுமா இருந்த வசந்தம், கொட்டை இல்லாத இலையுதிர் காலம், சாலை மேல ஜேக்கள்.

இப்ப மேடம் கேள்விக்கு வரேன். இது எப்ப எப்ப நடந்திருக்கு?

ஜேக்கு மட்டும் இல்லை, காட்டுல கொட்டை, விதை, பழம்னு நம்பியிருக்கற பல பறவைகளுக்கு நடந்திருக்கு. 1968-ல சைபீரியாவோட பைன் விதையை நம்பி வாழற நட்கிராக்கர்ங்கற பறவை மேற்கு ஐரோப்பா முழுக்க வந்து இறங்குச்சு. எப்பவாவது ஒண்ணு ரெண்டு தட்டுப்படற பிரிட்டன்ல அந்த ஒரு வருஷம் முன்னூறுக்கு மேல பதிவாச்சு. மனுஷங்களைப் பாத்துப் பழக்கமே இல்லாததால பக்கத்துல போனாலும் பறக்காதாம். 1957-ல டிட் குருவிங்க கணக்கில்லாம வந்து, வீட்டுக்குள்ள நுழைஞ்சு சுவர்ல ஒட்டின தாளையெல்லாம் கிழிச்சுப் போட்டிருக்கு. பட்டை உரிச்சுப் பூச்சி தேடற பழக்கம், பாவம், சுவருக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரியல. 1909-ல கிராஸ்பில்ங்கற பறவை வந்துச்சு. அலகு கத்தரிக்கோல் மாதிரி குறுக்கால இருக்கும், ஸ்ப்ரூஸ் மரக் காயைப் பிரிச்சு விதையெடுக்க. அதுல கொஞ்சம் திரும்பிப் போகாம கிழக்கு இங்கிலாந்து பைன் காடுகள்லயே குடித்தனம் போட்டுடுச்சு.

இதே கிராஸ்பில் 1251-லயும் வந்திருக்கு. எழுத்துப் பிழை இல்லை, ஆயிரத்து இருநூத்து அம்பத்தி ஒண்ணுதான். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துல இருந்த மாத்யூ பாரிஸ்ங்கற துறவி தன்னோட வரலாற்றுக் குறிப்புல எழுதி வெச்சிருக்கார். இதுவரை பாக்காத பறவைங்க ஆப்பிள் தோட்டத்துல வந்து, பழத்தை விட்டுட்டு உள்ள இருக்கற விதையை மட்டும் தின்னுட்டுப் போகுதுன்னு. பருவநிலை மாற்றத்துக்குக் காரணம்னு நான் ஸ்லைடு போட்ட காரும் பேக்டரியும் அப்ப எங்க இருந்துச்சு?

அதனால என் முதல் ஸ்லைடு தப்பு. கூட்டம் வந்ததை மட்டும் வெச்சு "பூமி எச்சரிக்குது"ன்னு சொல்ல முடியாது. எழுநூறு வருஷத்துக்கு மேல திரும்பத் திரும்ப நடக்கற ஒண்ணை "வழக்கத்துக்கு மாறானது"ன்னு சொல்றது நம்ம ஞாபகம் எவ்வளவு சின்னதுன்னுதான் காட்டுது. இது நார்மல் லாஸ்.

ஏன் நார்மல்னா, கோளாறு பறவைகிட்ட இல்லை, மரத்துகிட்ட இருக்கு. கோளாறுன்னு கூட சொல்லக்கூடாது.

எங்க தாத்தாவுக்குக் கொஞ்சம் மாமரம் இருந்துச்சு. ஒரு வருஷம் கிளை ஒடியற அளவுக்குக் காய்க்கும், அடுத்த வருஷம் அண்ணாந்து பாத்தா இலைதான் தெரியும். குத்தகைக்கு எடுக்க வர்றவர் இது என்ன வருஷம்னு கேட்காம விலையே பேசமாட்டார். ஓக், பீச் மரங்கள் (கடற்கரை இல்லீங்க, அது ஒரு மரம்) இதே விளையாட்டைப் பெரிய அளவுல ஆடுது. மூணு நாலு வருஷம் பேருக்குக் காய்ச்சிட்டு, ஒரு வருஷம் திடீர்னு ஊர்ல இருக்கற அத்தனை மரமும் ஒரே நேரத்துல கொட்டித் தீர்த்துடும். அதுக்கு ஆங்கிலத்துல மாஸ்ட் வருஷம்னு பேரு. காட்டுல பன்னி மேய்க்கறவங்க விட்டுட்டுப் போன சொல்.

மரம் ஏன் இப்படிப் பண்ணுது? வருஷா வருஷம் ஒரே அளவு காய்ச்சா, அதைத் தின்ற எலி, பூச்சி, பறவை எல்லாம் அந்த அளவுக்குப் பெருகி அத்தனையும் தின்னுடும். ரெண்டு வருஷம் பட்டினி போட்டு கூட்டத்தைக் குறைச்சுட்டு, அப்புறம் தின்னு தீர்க்கவே முடியாத அளவுக்கு ஒரே நாள்ல கொட்டினா நிறைய தப்பிக்கும். கூடவே இன்னொரு லாபமும் உண்டு. இந்த மரங்களுக்கு மகரந்தம் காத்துல போகணும். எல்லா மரமும் ஒண்ணாப் பூத்தா வீணாப் போறது குறைவு. எங்க பாஷையில சொன்னா பெரிய அளவுல உற்பத்தி பண்ணினா ஒரு யூனிட்டுக்கு ஆகற செலவு கொறையற மாதிரி.

நம்ம பக்கம் குறிஞ்சி பன்னண்டு வருஷம் பொறுத்துப் பூக்குதே (2006, 2018, அடுத்தது 2030), அதுக்கும் இது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. மூங்கில் இதுல இன்னும் கொடூரம். மிசோரத்துல ஏறக்குறைய 48 வருஷத்துக்கு ஒரு தடவை மூங்கில் காடே பூத்து விதை கொட்டும். அதைத் தின்னு எலி பெருகும், விதை தீர்ந்ததும் எலி வயலுக்கு வரும். 1959-ல வந்த அந்தப் பஞ்சத்துல உதவி பண்ண ஆரம்பிச்ச அமைப்புதான் அப்புறம் அரசியல் கட்சியாகி 1966-ல ஆயுதம் தூக்குச்சு. ஒரு புல் பூத்ததுல ஆரம்பிச்ச கதை.

இப்ப ஜே கணக்கை முழுசாப் போடலாம். எல்லாரும் வரவை மட்டும்தான் பாக்கறாங்க, அதாவது இந்த வருஷம் கொட்டை இல்லை, அதனால பறவை கிளம்பிடுச்சுன்னு. செலவுப் பக்கமும் ஒண்ணு இருக்கு. போன வருஷமோ அதுக்கு முந்தியோ அமோகமா காய்ச்சிருக்கும். அந்தக் குளிர்காலத்துல சாக வேண்டியது சாகாம பொழைச்சு, வசந்தத்துல நிறைய குஞ்சு பொரிச்சிருக்கும். வாய் அதிகமான அதே வருஷம் மரம் ஓய்வெடுத்தா என்ன ஆகும்? வெறும் விளைச்சல் குறைவு மட்டும் இருந்தா இவ்வளவு பெரிய கூட்டம் கிளம்பாது. ஸ்வீடன்காரர் குன்னர் ஸ்வார்ட்சன் 1957-லயே இந்த மாதிரி பறவைப் "படையெடுப்பு" பத்தி நீளமா எழுதியிருக்கார். பறவை விளைச்சலைத் தேடித் திரியுது, நல்லா காய்ச்ச இடம் கிடைச்சா நின்னுடுதுங்கறதுதான் அவர் சொன்னது.

படையெடுப்புங்கற சொல்லுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துது. இப்படிக் கிளம்பற கூட்டத்துல பெரும்பாலும் யாரு இருக்காங்க தெரியுமா? அந்த வருஷம் பொறந்த இளசுங்க. வயசானதுக்கு இடம் இருக்கு, எங்க என்ன கிடைக்கும்னு தெரியும், இருக்கறதை விட்டுத் தராது. இடம் பிடிக்காததுதான் வெளிய போகுது. 2016-ல வடகிழக்குப் பருவமழை மொத்தமாப் பொய்ச்சுப் போனப்ப எங்க ஊர்லயும் அப்படித்தான். பெருசுங்க காய்ஞ்ச கிணத்தை எட்டிப் பாத்துக்கிட்டு இங்கேயே இருந்தாங்க. திருப்பூர் பஸ் ஏறினது ப்ளஸ் டூ முடிச்ச அண்ணனுங்க. அவங்க திருப்பூர் மேல படையெடுத்தாங்கன்னு யாராவது சொன்னா எங்க ஊர்ல அடி விழும். கடைசி வருஷம் படிக்கற எனக்கும் பிளேஸ்மெண்ட் லிஸ்டைப் பாக்கும்போது அந்தப் பஸ் ஞாபகம் வரத்தான் செய்யுது. சரி, அது வேற கதை.

இன்னொரு கட்சி இருக்கு, இதை சகுனமாப் பாக்கறவங்க. டச்சு மொழியில வேக்ஸ்விங்குக்கு "பெஸ்ட்வோகல்"னு பேரு. கொள்ளைநோய்ப் பறவைன்னு அர்த்தம். அது வந்தா பின்னாடியே பிளேக் வரும்னு அந்தக் காலத்துல நம்பியிருக்காங்க. இன்னைக்கும் "பறவை நிறைய வந்திருக்கு, இந்தத் தடவை குளிர் கொல்லப்போகுது"ன்னு சொல்றவங்க உண்டு. இதுல திசையே தப்பு. பறவைக்கு வரப்போற ஜனவரி தெரியாது. கிளம்பினதுக்குக் காரணம் போன வசந்தத்துல பூ கருகினது, போன வருஷம் குஞ்சு அதிகமானது. எல்லாம் பழைய பாக்கி. பேலன்ஸ் ஷீட்டைப் பாத்து ஜோசியம் சொல்ற மாதிரி இருக்கு இவங்க பண்றது.

நிஜமாவே முன்கூட்டிச் சொல்ற ஆளுங்க வட அமெரிக்காவுல இருக்காங்க. கனடாவுல ஒண்டாரியோவைச் சேர்ந்த ரான் பிட்டவே 1999-லேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல, ஒவ்வொரு இலையுதிர் காலமும், குளிர்காலத்துல எந்தெந்தக் குருவி தெற்கே வரும்னு ஒரு அறிக்கை எழுதினார். அவருக்கப்புறம் டைலர் ஹோர்ங்கறவர் எழுதறார். மந்திரம் எதுவும் இல்லை. அங்கங்க இருக்கற ஆளுங்களைக் கேட்டு எந்தக் காட்டுல ஸ்ப்ரூஸ் காய் எப்படி, பிர்ச் விதை எப்படி, ஓக் கொட்டை எப்படின்னு பட்டியல் போடறது, அதை வெச்சு புளூ ஜேவுக்கு இவ்வளவு, சிஸ்கின் குருவிக்கு இவ்வளவுன்னு சொல்றது. குத்தகைக்காரர் மாமரத்தை அண்ணாந்து பாத்தாரே, அதேதான். 2015-ல இன்னொரு படி மேல போய், வீட்டுல பறவைக்குத் தீனி வைக்கறவங்க வருஷக்கணக்குல அனுப்பின லட்சக்கணக்கான குறிப்பை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு. கண்டத்தோட ஒரு பக்கம் மழையும் வெயிலும் சாதகமா இருக்கும்போது எதிர்ப்பக்கம் பாதகமா இருக்கு, இந்த ஏத்த இறக்கம் விதை விளைச்சலை ஆட்டுது, விளைச்சல் சிஸ்கினை ஆட்டுதுன்னு. முன்னாடியே எஸ்டிமேட் போட முடியுதுன்னா அது நார்மல் லாஸ்தானே?

அப்ப பருவநிலை மாற்றமே இதுல இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. நான் தேடின இடத்துல இல்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்துல 1980-லேர்ந்து பீச் மரத்தோட விதையை எண்ணிக்கிட்டு வர்றாங்க. பன்னண்டு இடம், 139 மரம். முறை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒவ்வொரு இலையுதிர் காலமும் மரத்தடியில மண்டி போட்டு, ஏழு நிமிஷம், கையால விதை பொறுக்கணும். ஏழு நிமிஷம் முடிஞ்சா நிறுத்திட்டு எண்ணணும். அடுத்த மரம். அடுத்த வருஷம் மறுபடி. இப்படி நாப்பது வருஷம்! விளம்பரம் இல்லை, கேமராக்கூட்டம் இல்லை. இந்தக் கணக்கை வெச்சு 2020-ல "நேச்சர் பிளான்ட்ஸ்" இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு.

பீச் மரத்துக்கு சிக்னல் கோடை வெப்பம். குளிர்ச்சியான ஒரு கோடைக்கப்புறம் வெப்பமான ஒரு கோடை வந்தா, அதுக்கடுத்த வருஷம் மாஸ்ட். எல்லா மரமும் அந்த ஒரே சிக்னலைப் பாத்துதான் ஒண்ணாக் காய்க்கும். இப்ப கோடை அடிக்கடி வெப்பமா இருக்கு. சிக்னல் எப்பவும் பச்சையிலேயே நின்னா எப்படி? ஒரு மரம் இந்த வருஷம், ஒண்ணு அடுத்த வருஷம்னு ஆளுக்கு ஒரு பக்கம் போகுது. மொத்த விதை கொறையல, பாக்கப்போனா கூடியிருக்கு. ஆனா ஒத்துமை போச்சு, ஏத்த இறக்கமும் கொறைஞ்சு போச்சு. வருஷா வருஷம் சாப்பாடு கிடைக்கறதால விதையைத் துளைக்கற அந்துப்பூச்சிக்குப் பட்டினியே இல்லை. மகரந்தமும் முன்ன மாதிரி எல்லாத்துக்கும் சேரல. கூட வந்த விளைச்சலை விட வீணாப் போறது அதிகம். வெளிய இருந்து பாக்கறவனுக்கு "ஆகா, வருஷா வருஷம் காய்க்குதே"ன்னு தோணும். உற்பத்தி ஏறிருக்கு, லாபம் போயிடுச்சு. இது மாதிரி கணக்கை ஆடிட்ல பிடிக்கறதுதான் ரொம்பக் கஷ்டம்னு மேடம் சொல்லுவாங்க.

இது பீச் மரத்துக்கு. ஓக் மரத்தோட கணக்கு வேற. அது வசந்த காலத்துல பூ பூக்கற சமயத்து வானிலையை ரொம்ப நம்பியிருக்கு. பீச்சை வெச்சு ஓக்குக்குத் தீர்ப்பு எழுதினா நான் மறுபடி அந்த முதல் ஸ்லைடையே போட்ட மாதிரி ஆயிடும். ஆனா ஒண்ணு சொல்லலாம். ஒரு வருஷம் ஜேக்கள் கூட்டமாக் கிளம்பினா, காட்டுல அந்தப் பழைய ஏத்த இறக்கம் இன்னும் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம். எனக்கு இப்பல்லாம் பயம், எந்த வருஷமும் வெறிச்சோடாம, எந்த வருஷமும் நிரம்பி வழியாம, எல்லாம் சுமாரா, சீரா இருக்கற காட்டை நினைச்சாதான். அதுக்கு யாரும் போட்டோ எடுத்து அனுப்ப மாட்டாங்க. அங்க அனுப்பறதுக்கு ஒண்ணும் இருக்காது.

மறுபடி செமினார் எடுக்கச் சொன்னா வேக்ஸ்விங் போட்டோ வேண்டாம். மரத்தடியில மண்டி போட்டு, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு விதை பொறுக்கற ஒரு ஆளோட படம் போடுவேன். கை தட்ட மாட்டாங்கன்னு தெரியும். மேடம்கிட்ட இதெல்லாம் போன மாசம் ஸ்டாஃப் ரூம்ல போய்ச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு "அந்த ஏழு நிமிஷம் நல்லா இருக்கு"ன்னாங்க. மார்க்கைப் பத்தி நானும் கேக்கல, அவங்களும் பேசல :-)

அந்த அண்ணன்கிட்டயும் கேட்டேன். அடுத்த குளிர்காலம் அதே கார் பார்க்கிங் வழியா தினமும் வேலைக்குப் போனாராம். மரத்துல பழம் அப்படியே இருந்துச்சாம், ஒரு வேக்ஸ்விங் கூட வரல. கேமராவோட யாரும் நிக்கல. பழம் தானா உதிர்ந்து, கார் சக்கரத்துல நசுங்கி, தரையெல்லாம் சிவப்பா கறை பட்டுக் கெடந்துச்சுன்னார்.